மழை நாளில் மட்டும் நடந்த பழுது வேலை

412 பக்கம். ஆறு வருஷம் எழுதி, போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒருவழியாக முடித்து, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையில் நாலு பிரதி எடுத்து மேசையில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. தோட்டத்தில் பிறந்தவள், பதினேழு வயது வரை லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள், அப்புறம் முப்பத்து மூன்று வருஷம் தாதியாக வேலை பார்த்தவள். தோட்டத்துக் கதையை என்னைவிட யார் சரியாக எழுதிவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு. அந்த நாலு பிரதிகளில் மூன்று இப்போது சிவப்பு மையும் ஒட்டுத் தாளுமாகக் கிடக்கின்றன. எதைப் பிரித்தேன், எதைத் திரும்பப் பூட்டினேன், எது இன்னும் பொருந்தாமல் நிற்கிறது என்று எழுதி வைக்கிறேன், தன் ஆட்கள் அல்லாதவர்களைக் கதைக்குள் கொண்டுவந்து எழுதுகிற வேறு யாருக்காவது பயன்படும்.

நாவல் 1948-இல் தொடங்குகிறது. அந்த ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்ததே, அங்கிருந்து. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டு, லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்ச் சேர்கிற வரை மூன்று தலைமுறை. தமிழர்கள் மட்டும் வாழ்ந்த உலகம் இல்லையே அது, அதனால் கதையிலும் எல்லோரும் உண்டு. உண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளறிவிட்டது ஒரு சனிக்கிழமை. லாசா பக்கத்தில் தெமியார் என்ற பூர்வக்குடியினரின் கம்பத்து அக்கா ஒருவர், நான் வேலையில் இருந்தபோது பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்து பழக்கமானவர், பாசாருக்குப் பெட்டாய்க் காய் கொண்டுவந்திருந்தார். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கோப்பி ஓ குடித்தோம். நான் அவரைக் 'கக்' என்பேன், அவருக்கு நான் ஓய்வு பெற்ற பிறகும் 'மிஸ்ஸி'தான். பேச்சு எல்லாம் மலாயில். நாவல் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எங்க ஆளுங்க இருக்காங்களா அதுல?"

"இருக்காங்களே."

"என்ன செய்றாங்க?"

வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் என் கதையில் அவர் ஆள் ஒரே ஒருவன்தான். காட்டிலிருந்து வருவான், பெட்டாய் விற்பான், குரங்கை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பான், கள்ளுக்கடையில் குடித்துவிட்டு மரத்தடியில் விழுந்து கிடப்பான். இதைத் தமிழில் எழுதும்போது கை நின்றதே இல்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து மலாயில் சொல்லத்தான் முடியவில்லை. "ஒருத்தர் இருக்கார், நல்லவர்" என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2011-இல் 'இன்டர்லோக்' நாவல் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவத்துக்கு மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தபோது நம் ஊர்களில் எழுந்த கொதிப்பு பலருக்கு நினைவிருக்கும். 1971-இல் வெளிவந்த புத்தகம், எழுதிய அப்துல்லா ஹுசேன் தேசிய இலக்கியவாதி என்ற பட்டம் பெற்றவர். 'பறையா' என்ற சொல்லும், கப்பலேறி வந்த நம் ஆட்களை அது காட்டிய விதமும் நமக்குச் சுட்டது, அந்த வருஷக் கடைசியில் பள்ளிகளிலிருந்து அதை எடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. கூட்டத்துக்குப் போய்க் கத்தியவர்களில் நானும் ஒருத்தி. எழுதுவதற்கு முன்னால் நம்மில் ஒருத்தரிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். அக்காவிடம் மழுப்பிவிட்டு வந்த ராத்திரி என் 412 பக்கமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த வேலைக்கு ஆங்கிலப் பதிப்பகங்களில் ஆள் வைத்திருக்கிறார்கள், சென்சிட்டிவிட்டி ரீடர் என்று பெயர். கதையில் வருகிற சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியைப் படித்து எங்கே இடிக்கிறது, எங்கே பொய், எங்கே அரைத்த மாவு என்று குறித்துக் கொடுப்பார். கூலி உண்டு, சொன்னதை எழுத்தாளர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். 2023 பிப்ரவரியில் ரோல் டாலின் சிறுவர் நூல்களில் பதிப்பகம் சொற்களை மாற்றியது தெரியவந்து சண்டையாகி, கடைசியில் பழைய வாசகமும் தொடர்ந்து அச்சில் இருக்கும் என்று அறிவித்தார்கள், அதைப் பார்த்துவிட்டு இதெல்லாமே கத்தரி வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த மனிதர் 1990-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் கேட்க வழியில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், பேனா என் கையில் இருக்கிறது, கேட்டுவிட்டுப் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டுப் போகிறேன். என்னைப் பொறுத்தவரை இது தையல் பார்க்கிற வேலை.

முதலில் எண்ணிக்கை. கடைக் கணக்கு எழுதுகிற சின்ன 555 நோட்டு ஒன்றை எடுத்து, கதையில் வாய் திறந்து பேசுகிற ஆட்களை எல்லாம் எழுதினேன். 43 பேர். அதில் தமிழர் அல்லாதவர் 11. அந்தப் பதினொருவரில் பெயர் உள்ளவர்கள் நாலே பேர், மற்றவர்கள் 'சீனக் கடைக்காரர்', 'மலாய் மாத்தா' (போலீஸ்காரர்), 'வங்காளி ஜாகா' (காவலாளி), 'சாக்காய்' இப்படி. (நாம் பஞ்சாபிகளை வங்காளி என்று கூப்பிட்டுப் பழகிய கதையே தனி, நிஜமான வங்காளதேசத்துக்காரர்கள் வேலைக்கு வந்து சேர்ந்தபோது அவர்களை 'பங்களா' என்று சுருக்கிவிட்டோம்.) பக்கத்தை விட்டு வெளியே போனதும் இந்தப் பதினொரு பேரும் எங்கே போவார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஏழு பேருக்கு எனக்கே பதில் தெரியவில்லை. கங்காணியின் மாட்டுக்குக்கூடத் தொழுவம் வைத்திருந்தேன்.

அடுத்த சிக்கல், கைப்பிரதியைக் காட்டிக் கேட்க நான் நினைத்திருந்தவர்கள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. தெமியார் அக்காவுக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும், அதனால் அவருக்குரிய 38 பக்கங்களை நானே மலாயில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று உட்கார்ந்தேன், இரண்டு மாதம் ஆனது. மொழி இடிக்கவில்லை, எழுத எழுதக் கை நின்றுபோன வரிகள்தான் இடித்தன. 'பேந்தப் பேந்த விழித்தான்' என்பதை அவர் கையில் கொடுக்கிற தாளில் எப்படி எழுதுவது? கை நின்ற இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். 61 கோடு வந்தது. அவர் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கும் முன்னரே பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற எந்த உத்தியைவிடவும் எனக்கு இதுதான் உதவியது: யாரைப் பற்றி எழுதினேனோ அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் எதிரே உட்கார்ந்து வாசித்துக்காட்ட நாக்கு எழுகிறதா என்று பார்ப்பது.

கூலி பேசப் போனால் அவர் சிரித்தார். அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, விடியற்காலையில் பால் வெட்டப் போய்விடுவார். (அவர் பால் வெட்டுகிறவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் கேட்டதே இல்லை. பட்டை கிழிக்கிற கத்தியைப் பிடித்துப் பிடித்துச் சுட்டுவிரலில் காய்த்திருந்த இடம் என் அம்மாவின் விரலில் இருந்த அதே இடம்.) மழை பெய்தால் பால் சேர்கிற மங்கில் தண்ணீர் விழும், அன்றைக்கு வெட்டு இல்லை, அந்த நாளில் வா என்றார். ஆக எங்கள் வேலை முழுக்க மழையை நம்பித்தான் நடந்தது. 'ஹுஜான், மிஸ்ஸி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நான் காரை எடுக்க வேண்டும். ஒரு தடவை மூன்று வாரம் காய்ந்து கிடந்தது, ஊரே மழைக்கு ஏங்கியது, நான் பதினான்காவது அத்தியாயத்துக்காக ஏங்கினேன். மழை நாளுக்கு எதற்குக் காசு என்று கூலியை மறுத்தவர், அப்புறம் நாலாவது தடவை, "சரி, ஒரு நாள் பால் காசு கொடு, நீ நிறையக் கேள்வி கேட்கிறாய்" என்று 60 வெள்ளி வாங்கிக்கொண்டார். எனக்கு அதற்குப் பிறகுதான் நிம்மதியாகக் கேட்க முடிந்தது.

முதல் நாள் நான் கேட்ட கேள்வியே தப்பு. "இதில் உங்கள் மனம் புண்படுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "இல்லை, நல்லா இருக்கு." ஒரு மணி நேரம் வீண். அடுத்த தடவை கேள்வியை மாற்றினேன். இந்த ஆள் இன்றைக்குக் காலையில் எழுந்ததும் என்ன செய்திருப்பான், பெட்டாய் விற்ற காசு யாரிடம் போகும், இவனுக்கு யார் மேல் கோபம், இந்த இடத்தில் இவன் மனதில் என்ன ஓடும் என்று கேட்டேன். அப்போதுதான் கதவு திறந்தது.

'சாக்காய்' என்ற சொல்லில் ஆரம்பித்தார். அடிமை, பிழைக்க வழியில்லாதவன் என்றெல்லாம் பொருள் ஏறிய சொல், அவர்கள் யாரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பூர்வக்குடியினர் மொத்தம் பதினெட்டு இனங்கள், அதில் தெமியார் ஒன்று. நான் எல்லா இடத்திலும் சொல்லை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கங்காணி சொல்வான், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், அதை எதற்கு எடுக்கிறாய்? இங்கே, இந்த வரியில் யாரும் பேசவில்லையே, நீதானே சொல்கிறாய்" என்று விரலை வைத்தார். கதை சொல்கிற குரல். இருபது வருஷமாகச் சிறுகதை எழுதுகிறவளுக்கு நாவலே படிக்காத ஒருத்தர் சொல்லிக் கொடுத்தது. கங்காணியின் வாயில் மூன்று இடத்தில் விட்டுவைத்தேன், என் வாயிலிருந்து பதினேழு இடத்தில் எடுத்தேன்.

அப்புறம் குரங்கு. பழைய வாசகத்தை அப்படியே தருகிறேன், வெட்கமாக இருந்தாலும்:

'காட்டு ஓரத்திலிருந்து சாக்காய் ஒருவன் வந்தான். கருத்த உடம்பு, பரட்டைத் தலை, தோளில் ஒரு குரங்குக் குட்டி. பெட்டாய்க் கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தான். குட்டிக்குப் பாவாடை கட்டி அவன் ஆடவிட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவனும் மஞ்சள் பல் தெரியச் சிரித்தான்.'

அக்கா இதைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கோபம் மாதிரித் தெரியவில்லை, சங்கடம். விலங்கைக் கேலி செய்து சிரிக்கக் கூடாது, மனுஷனைப் போல அதற்கு உடுத்திவிட்டுச் சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பது அவர்களுடைய பெரிய விலக்குகளில் ஒன்று. குழந்தையாக இருக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். அதாவது அந்த மனிதன் உயிர் போனாலும் செய்யமாட்டாத ஒன்றைத்தான் நான் அவனைச் செய்யவைத்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் பழுது இருந்த இடத்திலேயே கதையும் இருந்தது. ஆளுக்குப் பெயர் வேண்டும் என்றேன். மூத்த பிள்ளைக்கு 'அலோங்' என்பது புழங்குகிற பெயர் என்றார் அக்கா, ஐயோ வேண்டாம், நம் ஆட்களுக்கு அதைக் கேட்டால் வட்டிக்காரன் ஞாபகம்தான் வரும் என்றேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவனை இரண்டாவது பிள்ளையாக்கி 'அங்கா' என்று வைத்தார். இப்போது இருக்கிற வாசகம்:

'மூன்று கட்டுப் பெட்டாய்க்கு இரண்டு கட்டின் காசுதான் கங்காணி கொடுத்தார். அங்கா எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டியபடியே நின்றான். அதற்குள் நாங்கள் யாருடைய பாவாடையையோ கிழித்து அவனுடைய குரங்குக் குட்டிக்குக் கட்டிவிட்டிருந்தோம். எல்லோரும் சிரித்தோம், கங்காணியும் சிரித்தார். அங்கா வானத்தைப் பார்த்தான். குட்டியைத் தூக்கி, துணியை அவிழ்த்து, மடித்து என் கையில் கொடுத்தான். பாக்கிக் காசை வாங்காமலேயே போய்விட்டான். நாலு மணிக்கு இடி இடித்தது.'

ஏன் போனான் என்று கதைக்குள் யாரும் விளக்கவில்லை. அந்தச் சிறுமிக்குத் தெரியாது, அவளுக்கு நினைவில் இருப்பது மடித்த துணி மட்டும்.

நடுவில் ஒரு கோணல் நடந்தது. குற்ற உணர்ச்சியில் நான் அங்காவை ஞானி ஆக்கிவிட்டேன். காற்றோடு பேசினான், மரத்தைத் தொட்டுக் கண் மூடினான், தோட்டத்துச் சனங்களுக்கு வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் சொன்னான். அடுத்த மழைக்கு அதைக் கொண்டுபோனேன். அக்கா படித்துவிட்டு, "இவனுக்குப் பசிக்காதா? இவனுக்கும் பொண்டாட்டிக்கும் சண்டையே வராதா?" என்று கேட்டார். ஊதுகுழலால் புலியை வீழ்த்துகிற ஒரு காட்சியும் வைத்திருந்தேன், அதற்கு அவருடைய தம்பியையே கூப்பிட்டுப் படித்துக்காட்டினார், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஊதுகுழல் மரத்து மேல் இருக்கிற குரங்கு, அணில், பறவைக்கு. ஊசியில் தடவுகிற நஞ்சு ஈப்போ மரத்துப் பால், ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம், அதை மட்டும் நான் சரியாக எழுதியிருந்தேன் என்று ஆறுதல் சொன்னார்கள். புலி போயிற்று. அங்கா இப்போது கடன் வாங்குகிறான், திருப்பித் தர நாள் கடத்துகிறான்.

ராத்திரி பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற செவாங் சடங்கை நான் 'பேயாட்டம்' என்று எழுதியிருந்தேன். "உங்க கோயில்ல சாமி வந்து ஆடினா அது பேயா மிஸ்ஸி?" என்று ஒரே கேள்வி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கிலைத் தட்டித் தாளம் போடுவதைப் பற்றியும், கனவில் ஒருவருக்குப் பாட்டு கிடைப்பதைப் பற்றியும் நிறையச் சொன்னார். அவருடைய மாமாவுக்குக் கிடைத்த பாட்டு ஒன்றையும் சொல்லிவிட்டு, இது புத்தகத்துக்கு இல்லை என்றார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டேன். கதைக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று இன்னும் மனதில் அரிக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

மலாய்க்காரர்கள் விஷயம் எளிதாக முடியும் என்று நினைத்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் ஒன்பது பக்கத்தைக் கொடுத்தேன், மறுநாளே "பாகுஸ், கக், எல்லாம் பாகுஸ்" என்று திருப்பித் தந்துவிட்டார். மரியாதைக்காரர்களிடம் இந்த வேலை ஆகாது. அவருடைய மனைவிதான் பிடித்தார். கதையில் 1973 தீபாவளியன்று மத்தியானம் மாத்தா ஒருவர் லயத்துக்கு வந்து முறுக்கு தின்று தேத்தண்ணீர் குடித்து, இனங்களின் ஒற்றுமை பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார், எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அந்த அம்மா கேட்டார், "1973-ஆ? எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை நடந்த வருஷம். ரமலான் போர் என்றுதானே அதற்குப் பெயர்?" பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். சண்டை தொடங்கியது அக்டோபர் 6, அது நோன்பின் பத்தாம் நாள். தீபாவளி அக்டோபர் 25 வாக்கில், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. என் மாத்தா நோன்பு நாளில் நட்ட நடு மத்தியானத்தில் எல்லோர் முன்னிலும் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார்! ஐந்து வருஷத்தில் இருபது தடவை படித்திருப்பேன், உறைக்கவே இல்லை. இப்போது அவர் வாசலிலேயே நின்று பேசுகிறார், பாட்டி முறுக்கை மீலோ டின்னில் போட்டு மூடிக் கொடுக்கிறாள், நோன்பு திறக்க வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒற்றுமை வசனம் தேவைப்படவில்லை.

இங்கே மொழி பற்றி ஒன்று. என் கதையில் தமிழர் அல்லாத எல்லோரும் 'நான் நாளைக்கி வரான், நீ காசு குடு' என்று உடைந்த தமிழில் பேசினார்கள். சிரிப்புக்காக. ஆனால் அங்காவும் கங்காணியும் பேசிக்கொள்வது மலாயில், மாத்தாவும் பாட்டியும் பேசுவது மலாயில். மாத்தாவுக்கு மலாய் தாய்மொழி, தடுமாறுகிறவர்கள் நம் ஆட்கள்தான். அப்படியானால் அந்தக் காட்சிகளில் தமிழ் எழுத்தில் சரளமாகப் பேச வேண்டியவர் மாத்தா, உளற வேண்டியவர் கங்காணி. மாற்றி எழுதிப் பார்த்தேன். மாத்தா, "ஐயா, நேற்று இரவு இந்தப் பக்கம் யாரேனும் வந்தார்களா?" என்கிறார். கங்காணி, "இல்ல துவான், நான் தூங்கு, ஆளு பார்க்க இல்ல" என்கிறார். இந்த ஒரு திருத்தத்தில் கதையே தலைகீழாக நிற்கிற மாதிரி இருந்தது, எங்கள் அப்பா போலீஸ் நிலையத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எல்லாம் ஞாபகம் வந்தது.

சீனக் கடைக்காரருக்கு என் இடைநிலைப் பள்ளித் தோழி. அவளுடைய அப்பா தோட்டத்துச் சனங்களுக்கு 555 நோட்டில் கடன் எழுதிக் கொடுத்த கடைக்காரர், இவள் தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவாள். வாசித்துக்காட்டினேன், முடிகிற வரை ஒன்றும் பேசவில்லை. "உன் கதையில சீனன்னா ஒண்ணு துப்பாக்கி, இல்லாட்டித் தராசு. பால் வெட்டுற சீனனே இல்லையாடி?" என்றாள். அவளுடைய பாட்டி ஜாலோங்கில் பால் வெட்டியவர், கம்பிவேலிக்குள் புதுக்கிராமத்தில் அடைக்கப்பட்டவர். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற 24 பேரும் ரப்பர் தோட்டத்துச் சீனர்கள்தானே, ஆயுதம் இல்லாதவர்கள்தானே என்றாள். எனக்குத் தெரிந்த செய்திதான், ஆனால் நாவலுக்குள் அது வரவே இல்லை, பால்வாளி என்றால் தமிழன் தோளில் மட்டும்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். அவசரகாலத்தில் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் எல்லாம் சீனர்கள் என்றும் எழுதியிருந்தேன், தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4 அன்று தூக்கில் போட்டதும், அதற்கு முதல் நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டதும் நம் வீடுகளில் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதையாக இருந்தும்.

கடைக்காரர் நோட்டில் கூட்டி எழுதி ஏமாற்றுகிறவராக வந்தார். தோழி அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து கொட்டினாள், உள்ளே கட்டுக்கட்டாக 555 நோட்டு, தோட்டம் மூடிச் சனங்கள் போனபோது வசூலாகாமல் நின்ற கணக்கு. ஒன்றில் என் பெரியப்பா பெயர் சீன எழுத்தில் இருந்தது, பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மாட்டுத் தலை வரைந்திருந்தார்கள், பெரியப்பா மாடு வளர்த்தவர். சரி, கடைக்காரரைத் தர்மவானாக்கிவிடலாம் என்று நான் கிளம்புவதற்குள் அவளே தடுத்தாள். "ரொம்பத் தூக்காத. பத்துக் காசு, இருபது காசு சேர்த்துத்தான் எழுதுவாரு, நானே பார்த்திருக்கேன்." ஆக அவர் பத்துக் காசு சேர்த்தும் எழுதுகிறார், மூடிய தோட்டத்துக் கணக்கையும் கிழிக்காமல் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மாட்டுத் தலையை அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டேன்.

கடைசி அத்தியாயத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை 'இந்தோன்' என்று எழுதியிருந்ததை இந்தோனேசியர் என்று மாற்றியது, அதில் ஒருவருக்கு லொம்போக்கில் மகள் இருப்பதாக எழுதியது, எல்லாம் ஒரு பிற்பகல் வேலை. அந்தச் சுருக்கம் அவர்களுக்குப் பிடிப்பதில்லை என்று எதிர்வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவே சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். தமிழர்கள் வருகிற பகுதிகளை எங்கள் தோட்டத்திலேயே பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு எழுத்துப் பிழை பார்க்கத்தான் அனுப்பினேன். அவளுடைய தாத்தா தோட்டத்தில் தப்பு அடித்தவர். நாவலில் ஒரு தப்புக்காரர் வருகிறார், சாவு வீட்டில் வருகிறார், கள்ளுக்கடையில் வருகிறார், கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நிற்கிறார். பிழை திருத்தம் வரவில்லை, ஒரு குரல் பதிவு வந்தது.

"ஆன்ட்டி, இன்டர்லோக்ல அந்த வார்த்தைக்கு அவ்ளோ கோவப்பட்டீங்க. ஏன் கோவம்? எங்களயெல்லாம் அவங்களோட சேர்த்துட்டாங்களேன்னு தானே? அந்த 'அவங்க' எங்க தாத்தா. உங்க கதையிலயும் அவர் வெளியதான் நிக்கிறார்."

இரண்டு நாள் பதில் போடவில்லை. தெமியார் அக்கா சொன்னபோது வராத கோபம் வந்தது, சின்னப் பெண் பேசுகிற பேச்சா இது என்று. மூன்றாம் நாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கதையில் சாதி என்ற சொல்லே கிடையாது, அதெல்லாம் அந்தக் காலம் என்று நாகரிகமாகத் தவிர்த்திருந்தேன். அதனால் என்ன ஆனதென்றால், கதை சொல்கிற குடும்பத்துக்குச் சாதியே இல்லாத மாதிரியும், அந்த ஒருவருக்கு மட்டும் அது கழுத்தில் தொங்குகிற மாதிரியும் ஆகியிருந்தது. எங்கள் லயத்துக்கும் கடைசி வரிசை லயத்துக்கும் நடுவில் இருந்த வாய்க்காலை நான் எழுதியிருக்கிறேன், மீன் பிடித்து விளையாடிய வாய்க்காலாக. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் இந்தப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கவில்லை என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

அவளைக் கூப்பிட்டேன். தாத்தாவைப் பற்றிச் சொல் என்றேன். தப்பு அடிக்கும் முன் பழைய பேப்பரைக் கொளுத்தி, தோலை அந்தத் தீயில் காட்டிக் காட்டி எடுப்பாராம், விரலால் ஒரு தட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்பது, திரும்பவும் தீ. போதும் என்று அவர் சொல்கிற வரை சாவு வீட்டில் ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டார்களாம். "அவர் அதுக்கு வெக்கப்பட்டதே இல்ல ஆன்ட்டி. நீங்க வெக்கப்பட வெச்சிருக்கீங்க." தலையைக் குனிந்து நிற்கிறவராக நான் எழுதியிருந்தேன், பரிதாபம் வரட்டும் என்று.

இந்த அத்தியாயம்தான், பத்தொன்பது, இன்னும் ஒட்டவில்லை. மூன்று தடவை எழுதிவிட்டேன். முதலாவதில் எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறார்கள், யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவதில் அவர் கோபப்பட்டுப் பேசுகிறார், பேச்சு என்னுடையது. மூன்றாவதில் வாய்க்காலும், குழாயும், எங்கள் வீட்டார் என்ன ஆட்கள் என்பதும் பெயரோடு வருகின்றன, என் அண்ணன் அதைப் படித்துவிட்டு இதை அச்சில் போட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்கிறார். அந்தப் பெண் மூன்றாவதைப் படித்துவிட்டு, தீயில் காட்டுகிற இடம் மட்டும் சரி, மற்றது பேசலாம் என்று எழுதியிருக்கிறாள்.

அண்ணன் சொன்னதை மலாயில் எழுதி அக்காவிடம் காட்டலாம் என்று தோன்றியது. இந்த அத்தியாயத்தில் தெமியார் யாரும் இல்லை, அவருக்கு இதில் வேலையும் இல்லை, ஆனாலும் வெளியிலிருந்து ஒரு கண் பார்க்கட்டும் என்று பதினோரு பக்கத்தை மலாயில் மாற்றினேன். 'பந்தலுக்கு வெளியே நின்றார்' என்ற வரிக்கு வந்தபோது, ஏன் என்று அவர் கேட்பாரே, என்ன சொல்வது என்று கை நின்றது. சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மழை. 'ஹுஜான், மிஸ்ஸி' வந்துவிட்டது. தாள் நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காரில் வைத்துவிட்டேன், 60 வெள்ளியையும்.